மூன்றில் இரண்டு இருந்தால் போதும்

14 ஜூன் 2008, சனி. சிதம்பரம்

காலேஜில் பழைய கம்ப்யூட்டர் லேபைக் காலி செய்கிறார்கள். பதினெட்டுப் பெட்டிகள் வராந்தாவில் அடுக்கிக் கிடக்கின்றன. "வேண்டியவங்க எடுத்துக்குங்க, மீதி காயலான்கடைக்குப் போவுது" என்றார் பிரின்சிபால். வேண்டியவள் நான் ஒருத்திதான். ஒன்பது வருஷமாக அந்த லேபில் அசிஸ்டென்ட்டாகக் குப்பை கொட்டுகிறேன். எந்தப் பெட்டிக்கு எந்த வியாதி என்று எனக்குத் தெரியும். உருப்படியாக ஒரு சிபியூ, நாற்பது ஜிபி ஹார்டு டிஸ்க் மூன்று, கேபிள் ஒரு கை நிறைய. ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

இவர் வாசலை மறித்து நின்றார்.

"இன்னா இது, வூட்டுக்குள்ள வருதா?"

"கடலூருக்குப் போவுது. அப்பாவுக்கு."

"அப்ப சரி" என்று வழி விட்டார். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் ஞானசேகரன் என் அப்பாவுக்கு ஒன்றை மனமாரக் கொடுத்தது இதுதான் முதல் தடவை.

அப்பாவுக்குப் பெட்டி எதற்கு? மனு வைக்க. நெடுஞ்சாலைத் துறையில் ரோடு இன்ஸ்பெக்டராக இருந்து ரிட்டயர் ஆனதிலிருந்து சடையப்பன் அவர்களுக்கு மனு எழுதுவதுதான் உத்தியோகம். பகலில் எரியும் தெருவிளக்கு, ராத்திரியில் எரியாத அதே தெருவிளக்கு, இடம் மாறிய பஸ் நிறுத்தம், எல்லாவற்றுக்கும் மனு. இரண்டு வருஷமாகக் கை நடுங்குவதால் எழுத முடியவில்லை. டேப்ரிக்கார்டரில் பேசி வைப்பார், நான் வாரக் கடைசியில் போய் டைப் அடிப்பேன். அவரிடம் இருப்பது நாலே கேசட். அடித்து முடித்ததும் அதே கேசட்டில் அடுத்த மனுவைப் பேசிவிடுவார். புது கேசட் வாங்கச் சொன்னால், "பழசு தேஞ்சா போச்சு?" என்பார்.

போன மாதம் ஏதோ ஆபீஸில், "இப்படி நீங்கள் சொன்னதற்கு ஆதாரம் உண்டா?" என்று கேட்டுவிட்டார்களாம். அதிலிருந்து குரலையும் சேர்த்துப் பத்திரப்படுத்த வேண்டும் என்கிறார்.

22 ஜூன் 2008

பெட்டியை மாட்டி ஓட வைத்துவிட்டேன். கடலூர் வீட்டு முன்னறையில், அம்மா படத்துக்குக் கீழே. பின்கட்டில் தம்பி ஜெயப்பிரகாஷின் கம்ப்யூட்டருக்கு ஒரு கேபிள் இழுத்தாயிற்று. வீட்டில் எங்கிருந்து வேண்டுமானாலும் இதில் ஃபைலை வைக்கலாம், எடுக்கலாம். டேப்ரிக்கார்டரை இதோடு சேர்த்து ஓடவிட்டால் கேசட்டில் இருக்கிற பேச்சும் ஃபைலாக ஏறிவிடும்.

"மூணு டிஸ்க் எதுக்கு? ஒண்ணு பத்தாதா?" அப்பா.

ஒவ்வொரு ஃபைலையும் துண்டாக்கி மூன்றிலும் பரப்பி வைக்கும், எந்த ஒன்று செத்தாலும் மீதி இரண்டை வைத்து முழுசாகப் படித்துவிடலாம், ஆனால் ஒன்றே ஒன்று மட்டும் மிஞ்சினால் எல்லாம் குப்பை என்று சொன்னேன். அப்பா விரல் விட்டு எண்ணினார்.

"மூணு கிளார்க்கு. ஒருத்தன் லீவு போட்டாலும் ஆபீஸ் நடக்கும். ரெண்டு பேரு போட்டா நடக்காது."

மூன்று வருஷம் கம்ப்யூட்டர் படித்த எனக்கு இவ்வளவு சுருக்கமாகச் சொல்ல வரவில்லை.

6 ஜூலை 2008

அப்பா பெட்டிக்குப் பதிவேடு திறந்துவிட்டார். நீளக் கோடு போட்ட நோட்டு. எந்த ஃபைலைப் பெட்டிக்குள் வைத்தாலும் முதலில் நோட்டில் ஏற்ற வேண்டும். எண், தேதி, அனுப்புநர், பொருள். நடுங்கிய கையோடு அவரே எழுதுகிறார். ஒரு வரிக்கு ஐந்து நிமிஷம்.

தம்பி தன் பெண்ணின் பிறந்தநாள் போட்டோக்களை வைக்கப் போயிருக்கிறான். மொத்தம் நாற்பத்து மூன்று. அப்பா விடவில்லை. நோட்டில் இப்படி இருக்கிறது:

பொருள்: கேக் வெட்டுதல்.
பொருள்: கேக் வெட்டுதல் (தொடர்ச்சி).
பொருள்: கேக் ஊட்டுதல். புகைப்படத்தில் மருமகள் கண்ணை மூடியுள்ளார்.

"அக்கா, நாள் பூரா பிளான்ட்டுல கெமிக்கல மோந்துட்டு வந்து ஒக்காந்தா, இவுரு எனக்கு ஆபீஸ் நடத்துறாருக்கா" என்று தம்பி போனில் அழுதான். குடிகாட்டுப் பக்கத்து கெமிக்கல் பிளான்ட்டில் ஷிப்ட் வேலை அவனுக்கு. நான் சிரித்தேன். அவன் வைத்துவிட்டான்.

13 செப்டம்பர் 2008

பெட்டி நின்றுவிட்டது. திறந்தால் பவர் சப்ளைக்குள் பல்லி. கருகிப் போயிருக்கிறது.

எனக்கு வேலை பத்து நிமிஷம்தான், வேறு ஒன்று மாற்றிவிட்டேன். ஆனால் அப்பா பஞ்சாங்கத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பல்லி விழும் பலன். அதில் தலை, நெற்றி, தோள், வயிறு, முழங்கால் என்று போட்டிருக்கிறதே தவிர பவர் சப்ளை இல்லை. "சாப்பாடு அதுக்குள்ளதான போவுது? அப்ப அது வயிறு" என்று முடிவு செய்தார். வயிற்றில் விழுந்தால் தானிய லாபமாம். பதிவேட்டிலும் ஏற்றிவிட்டார். அனுப்புநர் என்ற இடத்தில் பல்லி என்று எழுதியிருக்கிறார்.

2 நவம்பர் 2008

மின்வெட்டு குறித்த மனுவைப் பெட்டியில் ஏற்றும்போது பாதியில் நின்றுவிட்டது. காரணம் எழுத வேண்டியதில்லை.

17 மே 2009

இன்று டைப் அடித்த மனு:

"மதிப்பிற்குரிய ஐயா, கமா, மேற்படி பேருந்து நிறுத்தம் பதினோரு அடி வடக்கே நகர்த்தப்பட்டதால், கமா, வெயிலில் நிற்கும் பொதுமக்கள்... கயலு, ஒங்கம்மா இருந்தா இன்னிக்கி வடகம் போட்டிருப்பா, இத அடிக்காத... பொதுமக்கள் பெரிதும் அவதியுறுகிறார்கள், புள்ளி."

மனுவை மட்டும்தான் அடிக்கிறேன். ஆனால் பெட்டியில் எல்லாமே இருக்கிறது. இருமல், பால்காரனோடு சண்டை, "இத அடிக்காத" எல்லாம்.

25 ஜனவரி 2010

அப்பா போய்விட்டார். காலை ஏழேகாலுக்கு.

9 பிப்ரவரி 2010

காரியம் முடிந்து வீட்டில் எல்லோரும் கிளம்பிப் போனபிறகு பெட்டியைத் திறந்து பார்த்தேன். முந்நூற்றுப் பதினோரு மனு. நாலு கேசட்டிலும் இப்போது இருப்பது கடைசி நாலு மனுதான். அதுவும் ஈரத்தில் ஒட்டிக்கொண்டு ஓடவில்லை. மற்றதெல்லாம் பெட்டியில் மட்டும்தான்.

ஒன்றையும் கேட்கவில்லை. தைரியம் இல்லை. இருக்கிறது என்று தெரிந்தால் போதும், வேண்டுமென்கிறபோது கேட்டுக்கொள்ளலாம்.

12 ஜூன் 2011, ஞாயிறு

பேனா தாளைக் கிழிக்கிறது. கோபத்தில்.

இன்று பாகப்பிரிவினை. தாய்மாமன் சாமிக்கண்ணு அண்ணாகிராமத்திலிருந்து வந்து நடுவில் உட்கார்ந்தார். பன்னிரண்டு மணிக்கு எமகண்டம், அதற்குள் முடிக்க வேண்டும் என்று வாட்ச்சைக் கழற்றி எதிரே வைத்துக்கொண்டார். வீட்டைக் குறுக்கே கோடு போட்டுப் பிரித்தார்கள். முன்கட்டு அண்ணன் ராஜமாணிக்கத்துக்கு. அவன் இருப்பது அண்ணாகிராமத்தில், முந்திரித் தோப்போடு. இங்கே பூட்டுத்தான் போடப்போகிறான். பின்கட்டு ஜெயப்பிரகாஷுக்கு. கோடு போட்டதில் கிணற்று மோட்டார் அண்ணன் பக்கமும், அதன் ஸ்விட்ச் தம்பி பக்கமும் போய்விட்டது. யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. "அப்ப அப்படியே இருக்கட்டும், சமம்தானே" என்றார் மாமா.

எனக்கு அம்மாவின் வளையலைக் கல்யாணத்திலேயே போட்டுவிட்டதால் வீட்டில் பங்கு வேண்டாம் என்று கையெழுத்து வாங்கினார்கள். போட்டேன். அதுகூடப் பரவாயில்லை.

அண்டா, குத்துவிளக்கு, மொபெட் எல்லாம் முடிந்து கடைசியில் பெட்டி. இரண்டு பேரும் எனக்கு என்றார்கள். உள்ளே இருப்பதை அப்படியே காப்பி எடுத்து ஆளுக்கு ஒன்று தருகிறேன் என்றேன். அண்ணன் என்னை ஏமாற்றுக்காரியைப் பார்ப்பது மாதிரி பார்த்தான்.

"காப்பின்னா ஜெராக்ஸ்தான?"

"இல்லண்ணே. இதுல ரெண்டும் ஒண்ணுதான்."

"ரெண்டும் ஒண்ணுன்னா அசல் எது?"

"அசல்னு தனியா கெடையாது."

"அசல் இல்லாத பத்திரம் போலிப் பத்திரம் கயலு. ரிஜிஸ்தர் ஆபீஸ்ல போயி ஜெராக்ஸ நீட்டிப் பாரு."

தம்பியும் சேர்ந்துகொண்டான். "அசலு யார் வூட்ல கெடக்குதோ அவுங்க வூட்லதான அப்பா இருக்கற மாதிரி? ஜெராக்ஸ எனக்குக் குடுத்துட்டு அசல அவுரு கொண்டுபோவாரா?" காலையிலிருந்து இரண்டு பேரும் ஒத்துப்போன ஒரே விஷயம் இதுதான்.

மாமா சிபியூவின் மூடியைத் தூக்கிப் பார்த்தார். "மூணு தட்டு இருக்குது. மூணு புள்ளைங்க இருக்குது. இதுல இன்னா யோசன?"

பிரித்தால் ஓடாது என்று சொன்னேன். எத்தனை தடவை சொன்னேன்.

"ஓடாட்டிப் போவுது. ஒங்கப்பன் சொத்து ஆளுக்குச் சமமா வந்துதா இல்லியா, அதான் பேச்சு. பொம்பளப் புள்ளைக்கும் சமபங்கு, சட்டமே சொல்லுது." வீட்டில் பங்கு வேண்டாம் என்று கையெழுத்து வாங்கின அதே வாய்.

பிறகு அண்ணனுக்கு மேல் தட்டு வேண்டுமாம், மூத்தவன் என்பதால். தம்பி ஒப்புக்கொள்ளவில்லை. மூன்றும் அச்சில் வார்த்த மாதிரி ஒன்றுதான். சீட்டுக் குலுக்கினார்கள்.

அங்கேதான் எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "எடுத்துக்குங்க, நல்லா எடுத்துக்குங்க" என்று நானே ஸ்க்ரூ டிரைவரை வாங்கி மூன்றையும் பிடுங்கிக் கையில் கொடுத்துவிட்டேன். மணி பதினொன்றே முக்கால். "கெட்டிக்காரி, எமகண்டத்துக்கு முந்தி முடிச்சிட்டா" என்றார் மாமா. வெறும் கூட்டைத் தன் அலைச்சலுக்கு வைத்துக்கொள்கிறேன் என்று பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

13 ஜூன் 2011

நான் ஒரு காப்பிகூட எடுத்து வைக்கவில்லை. மூன்று டிஸ்க் இருக்கிறதே, ஒன்று போனாலும் பயமில்லையே என்று இருந்துவிட்டேன். ஒரே நாளில் மூன்றும் மூன்று வீட்டுக்குப் போகும் என்று எந்தப் புத்தகத்திலும் எழுதவில்லை. லேப் அசிஸ்டென்ட். வெளியே சொன்னால் வெட்கக்கேடு.

3 ஜூலை 2011

தம்பி தன் டிஸ்க்கைக் கடைக்கு எடுத்துப்போயிருக்கிறான். கடைக்காரன் மாட்டிப் பார்த்துவிட்டு, "சார் இது காலி டிஸ்க்கு, பார்மட் பண்ணித் தரட்டுமா, படம் ஏத்திக்கலாம்" என்றானாம். இவன் சரி என்று சொல்ல வாயெடுத்தபோது மனைவி போன் செய்து கொத்தமல்லி வாங்கிவரச் சொல்லியிருக்கிறாள். அதனால் பிழைத்தது. நன்றாகத் திட்டிவிட்டேன். இப்போது பூஜை அலமாரியில் வைத்துத் தினமும் சூடம் காட்டுகிறார்களாம்.

அண்ணன் பேங்க் லாக்கரில் வைத்திருக்கிறான், அண்ணியின் நகைகளோடு.

நான் பாலிதீன் பையில் சுற்றி அரிசி டிரம்முக்குள் வைத்திருக்கிறேன். சிரிக்க எனக்கு யோக்யதை இல்லை.

17 ஜூலை 2011

அண்ணனும் தம்பியும் பேசுவது நின்றுவிட்டது. மோட்டார்தான் காரணம். தம்பி ஸ்விட்ச்சைப் போட்டான், அண்ணன் தன் பக்கத்தில் மோட்டாருக்குப் போகிற ஒயரைக் கழற்றி வைத்திருந்தான். கிணற்றில் தண்ணீர் இருக்கிறது. தம்பி லாரித் தண்ணீர் வாங்குகிறான்.

21 ஆகஸ்ட் 2011

அண்ணன் கூப்பிட்டான். "மூணுல ரெண்டு இருந்தா போதும்னு நீதான சொன்ன? ஒன்னுதும் என்னுதும் சேத்துடுவோம். தம்பிக்குத் தெரிய வேணாம்."

அப்பா குரலைக் கேட்கலாம். அது ஒன்றுதான் காதில் விழுந்தது. காலேஜில் ஒரு பழைய மெஷினை வாங்கிக்கொண்டு, அரிசி டிரம்மிலிருந்து டிஸ்க்கை எடுத்துத் துடைத்துக்கொண்டு, இரண்டு பஸ் மாறி அண்ணாகிராமம் போனேன். அண்ணி பலாச்சுளை வைத்துக் கொடுத்தாள். அண்ணன் லாக்கரிலிருந்து எடுத்து வந்து தயாராக வைத்திருந்தான்.

மாட்டப்போகும்போது கேட்டான். "நாம ரெண்டு பேரும் சேத்துட்டா அவன்து வெறும் தட்டாயிடும் இல்ல? ஆகற மாதிரி பண்ணிடு."

செய்யலாம். இரண்டு கட்டளை அடித்தால் போதும். தம்பி வாழ்நாள் பூராவும் ஒரு செத்த டிஸ்க்குக்குச் சூடம் காட்டிக்கொண்டிருப்பான். நான் மெஷினைத் திரும்பக் கோணியில் போட்டுக் கட்டிக்கொண்டு எழுந்துவிட்டேன். பஸ்ஸில் பண்ருட்டி வரைக்கும் அழுதேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் கோணிக்குள் இருப்பது என்ன என்று கேட்டாள். அப்பா என்று சொல்ல வாயெடுத்து, கம்ப்யூட்டர் என்று சொன்னேன்.

4 செப்டம்பர் 2011

தம்பி கூப்பிட்டான். "அக்கா, ஒன்னுதும் என்னுதும் சேத்துட்டா அண்ணன்து..." முடிக்க விடவில்லை. வைத்துவிட்டேன்.

16 அக்டோபர் 2011

துணி காயப்போடும்போது அப்பா குரலை நினைத்துப் பார்த்தேன். "கமா" என்று சொல்வது மட்டும் தெளிவாக இருக்கிறது. "கயலு" என்று கூப்பிடுவது வரவில்லை. மறுபடி மறுபடி முயன்றேன். என் குரலில்தான் கேட்கிறது. பயமாக இருக்கிறது. பெட்டி ஓடிக்கொண்டிருந்த ஒன்றரை வருஷமும் ஏன் கேட்காமல் விட்டேன்? எந்த மகாராணிக்குக் காத்திருந்தேன்?

30 டிசம்பர் 2011

விடியற்காலையிலிருந்து காற்று. புயல் கடலூர்ப் பக்கம் கரையேறிவிட்டது என்று டிரான்சிஸ்டரில் சொன்னார்கள். பக்கத்து வீட்டுத் தகரக் கொட்டகை முழுசாகப் பறந்து வந்து எங்கள் மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டது. சமையலறை ஓடு பாதி போய்விட்டது. உள்ளே மழை பெய்கிறது. நான் அரிசி டிரம்மைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன். இவர், "அரிசி போனா வாங்கிக்கலாம், நீ இப்படி வா" என்று கத்துகிறார். அரிசிக்காகவா நிற்கிறேன்?

டிரம் நனையவில்லை. டிஸ்க் பத்திரம். போன் இல்லை, கரண்ட் இல்லை. கடலூரில் என்ன நிலைமை என்று தெரியவில்லை.

2 ஜனவரி 2012

போன் வந்துவிட்டது. முதல் அழைப்பு அண்ணன்.

"கயலு, டிஸ்க்கு நனஞ்சிடலியே?"

எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை. ஓடு போனதா, சோறு தின்றாயா, ஒன்றும் இல்லை. டிஸ்க். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"போச்சுண்ணே. தண்ணியில ஊறிச் செத்துடுச்சு."

அவன் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டேன்.

ஒரு மணி நேரம் கழித்துத் தம்பி. "அக்கா, ஒன் டிஸ்க்கு..." அவனுக்கும் அதே பதில். வேண்டும் இரண்டு பேருக்கும்.

அடித்துவிட்ட பொய்தான். யோசித்துச் சொல்லவில்லை, வாயில் வந்தது. சாப்பிடும்போதுதான் உறைத்தது. இப்போது மிச்சம் இருப்பது அவர்கள் இரண்டு பேருடையதுதான். அப்பா வேண்டுமென்றால் அவர்கள் இரண்டு பேரும் ஒரு அறையில் உட்கார்ந்தாக வேண்டும்.

8 ஜனவரி 2012, ஞாயிறு

பஸ் ஓட ஆரம்பித்ததும் அண்ணாகிராமம் போனோம், இவரும் நானும். பண்ருட்டி தாண்டினதும் வழி நெடுக முந்திரி, பலா எல்லாம் வேரோடு படுத்துக் கிடக்கின்றன. வெளிச்சம் அதிகமாகி ஊரே அடையாளம் தெரியவில்லை.

அண்ணன் தோப்பு நடுவில் ஒரு அடிமரத்தின் மேல் உட்கார்ந்திருந்தான். ஷேவ் செய்து ஒரு வாரமிருக்கும்.

"நூத்தியெண்பது மரம் கயலு. ஒண்ணு நிக்கல."

"அன்னிக்கிப் போன்ல ஒரு வார்த்த சொல்லலியேண்ணே. டிஸ்க்கத்தான கேட்ட?"

"மரம் போனதக் கண்ணால பாத்துட்டேன். அதுல கேக்கறதுக்கு இன்னா இருக்கு. அப்பாதான் எப்படி இருக்காருன்னு தெரியல, அதான் கேட்டேன்."

இதை எழுதும்போதும் என்னால் முடியவில்லை. இந்த மனுஷனிடமா பொய் சொன்னேன்? உண்மை வாய்வரை வந்துவிட்டது. அதற்குள் அவன் கேட்டான். "அப்ப என்னுதும் தம்பிதும்தான் மிச்சமா?"

"ஆமாம்."

எழுந்து வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டே, "அவன் வூடு ஓடு கீடு போச்சாமா?"

ஆறு மாதத்தில் தம்பியைப் பற்றி அவன் கேட்ட முதல் கேள்வி. நான் உண்மையை விழுங்கிவிட்டேன்.

திரும்பும் வழியில் பழைய சிபியூவை வாங்கிக்கொள்ளலாம் என்று சாமிக்கண்ணு மாமா வீட்டுக்குப் போனோம். புயலில் கோழிக்கூடு பறந்துவிட்டதால் சிபியூவுக்குள் கோழி அடை உட்கார்ந்திருக்கிறது. பதினொரு முட்டை. "இருவத்தோரு நாளு ஆவும், நடுவுல கெளப்பக் கூடாது" என்றார் மாமா. மதர்போர்டின் மேல் வைக்கோல் பரப்பி வைத்திருந்தார். கோழி என்னை முறைத்தது. காலேஜ் மெஷினே போதும் என்று வந்துவிட்டேன்.

15 ஜனவரி 2012

பொங்கல். தம்பிக்குப் போன் செய்து அண்ணன் தோப்பு போன கதையைச் சொன்னேன். "கேள்விப்பட்டேன்" என்றான். பிறகு, "நூத்தியெண்பதுமாக்கா?" என்றான். அப்பா திதி பிப்ரவரி இரண்டு, கடலூர் வீட்டில் வைத்துக்கொள்ளலாம், டிஸ்க்கை எடுத்து வை என்றேன். "அவுரு எடுத்து வருவாரா?" என்றான். அண்ணனுக்குப் போன் செய்தேன். "அவன் எடுத்து வரானாமா?" என்றான்.

2 பிப்ரவரி 2012, வியாழன்

தெவசம் முடிந்தது. இதை உடனே எழுதிவிட வேண்டும்.

அண்ணன் முன்வாசல் வழியாக வந்தான். தம்பி பின்கட்டிலிருந்து வந்தான். அண்ணன் டிஸ்க்கை நகைக்கடை துணிப்பையில் வைத்து, வாயைச் சுருக்குப் போட்டுக் கட்டியிருந்தான். தம்பி பிளான்ட்டுக்குக் கொண்டுபோகும் டிபன் பாக்ஸில். அதில் குங்குமமும் சூடக் கரியும் ஒட்டியிருந்தன. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஐயர் இருந்தவரை என் மூலமாகத்தான் பேச்சு. "தம்பிய எள்ளு எடுக்கச் சொல்லு." "அண்ணன நகந்து ஒக்காரச் சொல்லுக்கா." தெவசச் சோற்றையே நான் மொழிபெயர்த்துப் பரிமாறினேன்.

இரண்டையும் மாட்டினேன். மெஷினை ஆன் செய்யப் போனேன், கரண்ட் போய்விட்டது. பகல் முறை மின்வெட்டு, இனி நாலு மணிக்குத்தான் வரும். அண்ணன் நாலு மணி பஸ்ஸுக்குக் கிளம்ப வேண்டும் என்று ஏற்கெனவே இரண்டு தடவை சொல்லிவிட்டான். நான் அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். வெட்கமே இல்லாமல், சின்னப் பெண் மாதிரி.

இரண்டு பேரும் எழுந்தார்கள். அண்ணன் வெளியே போய், புயலுக்குப் பிறகு தெருமுனைக் கடையில் வாடகைக்கு ஓடுகிற ஜெனரேட்டரைத் தள்ளுவண்டியில் வைத்துத் தானே தள்ளிக்கொண்டு வந்தான். ஒயர் இழுக்க வேண்டும். அது தம்பிக்குத்தான் தெரியும். தம்பி ஒயரைச் சீவிக்கொண்டு நின்றான். அண்ணன் பிளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் மூக்கைத் துடைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எர்த் குடுத்தியா?" அண்ணன் கேட்டான். ஜெனரேட்டரைப் பார்த்துத்தான் கேட்டான்.

"குடுத்துட்டேன்" என்றான் தம்பி, ஒயரைப் பார்த்து.

ஓடியது. மூன்றில் இரண்டு இருக்கிறது, ஒன்று இல்லை என்று திரையில் காட்டியது. நான் பட்டியலைக்கூடப் பார்க்கவில்லை, கைக்கு வந்த ஒரு மனுவைத் தட்டினேன்.

முதலில் கர் என்று ஒரு சத்தம். பிறகு இருமல். பிறகு, "மதிப்பிற்குரிய ஐயா, கமா."

தம்பி வாயைப் பொத்திக்கொண்டான்.

தெருவிளக்கு மனு. கம்பத்தின் எண், வார்டு எண், பகல் எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை எரிகிறது. அப்பா நிதானமாக, ஒரு எண்ணும் பிசகாமல் சொல்லிக்கொண்டே போனார். திடீரென்று நிறுத்தினார்.

"ராஜமாணிக்கம், அந்த ஃபேன நிறுத்து. காத்துச் சத்தத்துல ஒண்ணும் வெளங்கலம்பா கயலு."

அண்ணன் எழுந்தான். நேராக ஸ்விட்ச் போர்டுக்குப் போய் ஃபேனை நிறுத்தினான். கரண்ட்டே இல்லை, ஃபேன் ஓடவும் இல்லை. நிறுத்திவிட்டுச் சுவரைப் பார்த்தபடி அங்கேயே நின்றான். தோள் குலுங்கியது. தம்பி எழுந்துபோய் அவன் பக்கத்தில் நின்றான். தொடவில்லை, சும்மா நின்றான்.

கயலு என்று சொன்னார். அப்படித்தான் சொல்வார், கடைசி எழுத்தை விழுங்கிவிட்டு. இப்போது ஞாபகம் வந்துவிட்டது.

ஒன்பது மனு கேட்டோம். நாலு மணி பஸ் போய்விட்டது.

5 பிப்ரவரி 2012, ஞாயிறு

மறுபடி கடலூர். மூன்று டிவிடி எழுதினேன். ஆளுக்கு ஒன்று வாங்கிக்கொண்டார்கள். பிறகு பையிலிருந்து என் டிஸ்க்கை எடுத்து, "புதுசு வாங்கினேன், செத்ததுக்குப் பதிலா இதச் சேத்துடலாம்" என்று மாட்டினேன். அண்ணன் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"எந்தக் கடையில வாங்கின?"

"சிதம்பரத்துல."

"சிதம்பரத்துல எங்க?"

"மேலவீதிப் பக்கம்."

"பில்லு?"

"தொலஞ்சிடுச்சு."

"நாப்பது ஜிபி டிஸ்க்கு இப்ப விக்கிறானா?" இவனுக்கு எப்படி இதெல்லாம் தெரியும்? எனக்குக் காது சூடாகிவிட்டது.

"வுடுண்ணே" என்றான் தம்பி. "அதான் ஓடுதுல்ல."

அண்ணன் தம்பியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். "ஓடுனா சரி" என்றான்.

என் டிஸ்க்கில் எல்லாம் திரும்ப நிரம்ப நாலு மணி நேரம் ஆகும் என்று திரை சொன்னது. யாரும் கிளம்பவில்லை. தம்பி மனைவி உப்புமா கிளறினாள்.

6 பிப்ரவரி 2012

அண்ணன் நகைக்கடைப் பையைக் கடலூர் முன்னறையிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறானாம். தம்பி போனில் சொன்னான். அண்ணனைக் கூப்பிட்டு, பை அங்கே கிடக்கிறது, டிஸ்க்கையும் எடுத்துப்போகவில்லையே என்றேன்.

"தெரியும்" என்றான். "வெறும் பைய வெச்சிக்கினு நான் இன்னா பண்ணப்போறேன். அங்கயே கெடக்கட்டும்."